பன்வாரி தேவிக்கு ஆபீஸ் எது?

எங்கள் கல்லூரியில் ஃபீஸ் கட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. ஸ்காலர்ஷிப் அறிவிப்பு, தொலைந்துபோன ஐடி கார்டு, பஸ் பாஸ் தேதி எல்லாம் அதற்குள்தான். ஒரு மூலையில் 'உள்ளகப் புகார் குழு' என்று தலைப்புப் போட்டு ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். பாலியல் தொந்தரவு பற்றிப் புகார் கொடுக்க நினைப்பவர்கள் இவர்களிடம் கொடுக்கலாம் என்று பெயர்களும் போன் நம்பர்களும் இருக்கும். இந்த வருடம் அதில் என் பெயரும் இருக்கிறது. மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார் என்றால் குழுவில் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்களைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது யுஜிசியின் 2015 விதிமுறை. முதுகலை வகுப்புகளிலிருந்து வேறு யாரும் நிற்கவில்லை. ஆகவே நான் போட்டியின்றித் தேர்வானேன். (சொல்லிப் பார்த்தேன், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!)

முதல் கூட்டம் அரை மணி நேரம் நடந்தது. டீ, சமோசா, கையெழுத்து. குழுவில் வெளியாள் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெண்கள் அமைப்பு ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்த ஒரு வக்கீலம்மா அப்படி வந்திருந்தார். கிளம்பும்போது எங்கள் மூன்று பேரையும் நிறுத்தி, "நீங்க உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலி யாரால வந்துச்சு தெரியுமா?" என்று கேட்டார். டெல்லி நிர்பயா வழக்கு என்றான் பக்கத்தில் இருந்த பையன். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "ராஜஸ்தான்ல பானை செய்யிற ஒரு அம்மாவால" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

அதன்பிறகு படித்ததும் யோசித்ததும்தான் இது. செமஸ்டர் பாடத்தைக்கூட இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

பன்வாரி தேவி, ஜெய்ப்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் பட்டேரி என்ற கிராமத்துக்காரர். கும்ஹார் என்று சொல்லப்படும் குயவர் சாதி. ஊரில் ஆள்பலமும் நிலபலமும் குஜ்ஜர்களுக்கு. ராஜஸ்தான் அரசு 1984-ல் பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, 'சாத்தின்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர் வார்த்தையில் தோழி. கூலி சரியாகக் கொடுக்கிறார்களா, பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்களா, மனைவியை அடிக்கிறார்களா என்று வீடுவீடாகப் போய்ப் பேசுவது வேலை. அதற்கு மாதம் சில நூறு ரூபாய் மதிப்பூதியம். 1985-ல் பன்வாரி சாத்தின் ஆனார். அவரே ஐந்தாறு வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவர். குழந்தைத் திருமணம் கூடாது என்று அவர் சொன்னதற்குப் பின்னால் அவருடைய சொந்த வாழ்க்கையே இருந்தது. பயிற்சிப் புத்தகத்தில் படித்து ஒப்பித்த வரி கிடையாது.

ராஜஸ்தானில் அட்சய திருதியை அன்று (அங்கே ஆக்கா தீஜ் என்பார்கள்) கூட்டம் கூட்டமாகக் குழந்தைத் திருமணங்கள் நடக்கும். நாம் நகைக்கடையில் வரிசையில் நிற்கிற அதே நாள்தான். 1992-ல் அந்த நாளுக்கு முன்னால் குழந்தைத் திருமணத்துக்கு எதிராகப் பிரச்சாரம் செய்ய வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. பட்டேரியில் ஒரு குஜ்ஜர் குடும்பம் ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தைக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருந்தது. பன்வாரி போய்ப் பேசினார், கேட்கவில்லை. மே 5-ந் தேதி அதிகாரிகளும் போலீஸும் வந்து நிறுத்தினார்கள். அவர்கள் போனதும் விடிவதற்குள் கல்யாணம் நடந்தேவிட்டது.

கவனியுங்கள், கல்யாணம் நின்றுகூடப் போகவில்லை. ஆனாலும் ஊருக்குக் கோபம். போலீஸைக் கொண்டுவந்தது இவள்தான் என்று முடிவு கட்டினார்கள். அவர்கள் செய்த பானையை யாரும் வாங்கவில்லை. கணவரை அடித்தார்கள். செப்டம்பர் 22-ந் தேதி சாயங்காலம் கணவனும் மனைவியும் தங்கள் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஐந்து ஆண்கள் வந்தார்கள். கணவரை அடித்துப் பிடித்துக்கொண்டு பன்வாரியைக் கூட்டாகப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள்.

அடுத்து நடந்ததைத்தான் என்னால் தொடர்ந்து படிக்க முடியவில்லை, இரண்டு முறை எழுந்து போனேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் டாக்டர் இல்லை, இருந்த ஆண் டாக்டர் பரிசோதிக்க மறுத்தார். ஜெய்ப்பூருக்கு அனுப்பியபோது வயதை மட்டும் உறுதிப்படுத்தச் சொல்லிச் சீட்டு எழுதினார். ஜெய்ப்பூரில் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும் என்றார்கள். மாஜிஸ்திரேட், வேலை நேரம் முடிந்துவிட்டது என்றார். 24 மணி நேரத்துக்குள் எடுத்திருக்க வேண்டிய மருத்துவத் தடயத்தை எடுக்க 48 மணி நேரத்துக்கு மேல் ஆனது. போலீஸ் ஸ்டேஷனில் அவருடைய பாவாடையைச் சாட்சியம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாற்றுத்துணி கிடையாது. கணவரின் ரத்தக்கறை படிந்த தலைப்பாகைத் துணியைச் சுற்றிக்கொண்டு நள்ளிரவில் நடந்தார்.

ஒரு அரசு வேலைக்காக நடந்தது இது. ஒரு அரசு உத்தரவை நிறைவேற்றியதற்காக.

வழக்கில் ஐந்து நீதிபதிகள் மாறினார்கள். இடையில் 1993 டிசம்பரில் ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்த உயர் நீதிமன்ற நீதிபதி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்குப் பழிவாங்கவே இது நடந்திருக்கிறது என்று தான் நம்புவதாக எழுதினார். ஆறாவதாக வந்த நீதிபதி 1995 நவம்பர் 15-ல் தீர்ப்பு சொன்னார். பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டிலிருந்து ஐந்து பேரும் விடுதலை. சொல்லப்பட்ட காரணங்கள் இந்த மாதிரி: உயர்ந்த சாதி ஆண் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட்டுத் தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்ள மாட்டான், வயதானவர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள், உறவுக்காரர்கள் ஒருவர் முன்னால் ஒருவர் செய்யமாட்டார்கள், கணவன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டான். நம் ஊர் டீக்கடையில் யாராவது இப்படிப் பேசினால்கூட எதிர்த்துக் கேட்க ஒரு ஆள் இருக்கும்! சிறிய குற்றங்களுக்காக ஒன்பது மாதம் சிறைத் தண்டனை மட்டும் கிடைத்தது. மேல்முறையீடு செய்தார்கள். சம்பவம் நடந்து பதினைந்து வருடம் ஆகியும் உயர் நீதிமன்றத்தில் ஒரே ஒரு முறைதான் விசாரணைக்கு வந்தது. அதற்குள் ஐந்து பேரில் இரண்டு பேர் இறந்தே போனார்கள்.

பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். நான் ஏன் பெயர் போட்டு எழுதுகிறேன் என்று கேட்டால், பன்வாரி தன் பெயரைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர். மேடையில் பேசினார், 1995-ல் பெய்ஜிங் பெண்கள் மாநாட்டுக்குப் போனார், 1994-ல் நீர்ஜா பனோட் விருது வாங்கினார். 2000-ல் அவர் கதையை வைத்து ஜக்மோகன் முந்த்ரா எடுத்த 'பவந்தர்' படத்தில் நந்திதா தாஸ் நடித்தார். இவ்வளவுக்குப் பிறகும் அவர் ஊரை விட்டு ஓடவில்லை. அதே பட்டேரியில், தன்னைத் தாக்கியவர்களின் வீடுகளுக்கு நடுவில் குடியிருந்தார்.

சரி, இதில் என் நாற்காலி எங்கே வருகிறது?

விசாரணை நடந்தபோது ஜெய்ப்பூர், டெல்லி பெண்கள் அமைப்புகள் அவர் பக்கத்திலேயே நின்றன. தீர்ப்பு வந்ததும் தெருவுக்கு வந்தன. டெல்லி வக்கீல் நைனா கபூர் நீதிமன்றத்தில் உட்கார்ந்து அந்த விசாரணையைப் பார்த்தவர். இந்தக் கிரிமினல் வழக்கில் ஜெயிப்போமோ தோற்போமோ, வேறு ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும் என்று அவர்கள் யோசித்தார்கள். அந்தப் பெண் அங்கே எதற்காகப் போனாள்? வேலைக்காக. வேலை செய்யப் போன இடத்தில் ஆபத்து வந்தால், வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பு இல்லையா? அரசுத் தரப்போ, அவர் தாக்கப்பட்டது அவருடைய சொந்த வயலில், எங்களுக்கு என்ன சம்பந்தம் என்று கையை விரித்தது. அந்தக் கேள்வியோடு விசாகா, ஜாகோரி, காளி ஃபார் விமன் முதலிய அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. முதலில் பெயர் இருந்த அமைப்பை வைத்து அது விசாகா வழக்கு ஆனது. (காளி ஃபார் விமன் ஒரு புத்தகப் பதிப்பகம். புத்தகம் போடுகிறவர்களும் வழக்குப் போட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது.)

1997 ஆகஸ்ட் 13-ல் தலைமை நீதிபதி ஜே.எஸ்.வர்மா, சுஜாதா மனோகர், கிர்பால் ஆகிய மூவர் தீர்ப்பு கொடுத்தார்கள். பணியிடத்தில் பாலியல் தொந்தரவு என்பது சமத்துவத்துக்கும் தொழில் செய்யும் உரிமைக்கும் உயிர்வாழும் உரிமைக்கும் எதிரானது, நாடாளுமன்றம் சட்டம் போடும்வரை நாங்கள் சொல்லும் நெறிமுறைகளே சட்டம் என்றார்கள். ஒவ்வொரு பணியிடத்திலும் புகார்க் குழு வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சமோசா சாப்பிட்ட எங்கள் குழுவின் இலக்கணம் அங்கேயே வந்துவிட்டது. அந்த வெளியாள் விதியில் பெண்கள் இயக்கத்தின் கைரேகை தெரிகிறது. உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிடுவார்கள் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத்தானே தெரியும்.

அந்தத் தீர்ப்பைத் தேடி எடுத்துப் படித்தேன், பெரிய தீர்ப்பு இல்லை. அதில் பன்வாரியின் பெயர் கிடையாது. ராஜஸ்தான் கிராமம் ஒன்றில் ஒரு சமூக சேவகிக்கு நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் என்று ஒரு வரி வருகிறது. அது தனியாகக் கிரிமினல் வழக்காக நடக்கிறது, அதைப்பற்றி மேலே பேச வேண்டியதில்லை என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. அவ்வளவுதான் அவருக்கு.

நெறிமுறை சட்டமாக மாறப் பதினாறு வருடம் ஆனது. நடுவில், 2012-ல், மேதா கோத்வால் லேலே வழக்கில் உச்ச நீதிமன்றமே நெறிமுறைகளை யாரும் ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்று சலித்துக்கொண்டது. 2013 ஏப்ரல் 22-ல் ஜனாதிபதி ஒப்புதல், டிசம்பர் 9-ல் அமலுக்கு வந்தது. நீதிபதி வர்மா காலமானதும் அதே ஏப்ரல் 22-ந் தேதி. இதை இரண்டு மூன்று இடத்தில் சரிபார்த்துக்கொண்டேன், அப்படித்தான்.

பழைய கதைகளைத் தோண்டினால் இந்த வரிசை முன்பே ஆரம்பித்திருப்பது தெரிகிறது. 1972-ல் மகாராஷ்டிரத்தில் தேசாய்கஞ்ச் போலீஸ் ஸ்டேஷனுக்குள் மதுரா என்று அழைக்கப்படும் ஆதிவாசிச் சிறுமிக்குக் கொடுமை நடந்தது. 1978-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுதலை செய்தது. அவள் உடம்பில் காயம் இல்லையாம், ஆகவே சம்மதித்திருப்பாளாம். அடுத்த வருடம் உபேந்திர பக்சி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். நாடு முழுக்கப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-ல் சட்டம் மாறியது, காவலில் இருக்கும் பெண் சம்மதிக்கவில்லை என்று சொன்னால் நீதிமன்றம் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வந்தது. அதனால் மதுராவுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

தோற்ற வழக்குகள் மட்டும்தானா என்று சோர்ந்துபோகும்போது நான் வாச்சாத்தியை நினைத்துக்கொள்வேன். அதுவும் 1992, ஜூன் 20. பன்வாரி சம்பவத்துக்கு மூன்றே மாதம் முன்னால். தர்மபுரி மாவட்ட மலைகிராமத்தில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று போன வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊரையே சூறையாடினார்கள், 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மாதர் சங்கமும் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களும் அந்த மக்களோடு கடைசிவரை நின்றார்கள். 2011 செப்டம்பர் 29-ல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்கள் பத்தொன்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். அவர்களை பஸ் ஏற்றிக் கூட்டிப்போய், சாட்சி சொல்லவைத்து, பயப்படாதே என்று பக்கத்தில் உட்கார யாரோ இருந்தார்கள். சிவில் சமூகம் என்ற வார்த்தையை எங்கள் பாடப்புத்தகம் முக்கால் பக்கத்துக்கு விளக்குகிறது. பஸ் ஏற்றிவிட்டவர்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

பன்வாரி கதையைப் படித்ததிலிருந்து என்னை உறுத்துவது வேறு ஒன்று. அதைச் சொல்ல அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் அம்மா அங்கன்வாடிப் பணியாளர். ஊரில் இன்னும் 'பால்வாடி டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். மலையடிவாரத்தில் ஒரு ஓட்டுக் கட்டிடம், பதினேழு பிள்ளைகள், ஒரு உதவியாளர். பிள்ளைகளுக்குப் பாட்டு, சோறு, எடை போடுவது, கர்ப்பிணிகளுக்கு சத்துமாவு, பதிவேடு, அதற்கு மேல் இப்போது செல்போனில் வேறு பதிவு. மத்திய அரசு கணக்கில் இவர்கள் வாங்குவது மதிப்பூதியம். நம் மாநிலத்தில் சிறப்பு காலமுறை ஊதியம் என்று பெயர். அரசு ஊழியர் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். 2022-ல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொன்ன அன்று அம்மா எனக்கு இரண்டு முறை போன் செய்தார்.

வீடுவீடாகப் போகிறவர்களுக்கு எல்லா வீட்டு விஷயமும் தெரிந்துவிடும். மூன்று வருடம் முன்னால் பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு, சொந்த மாமனோடு, கல்யாணம் முடிவானது அம்மாவுக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் இரண்டு முறை பேசினார். மூன்றாவதாக 1098-க்கு போன் செய்தார். அதிகாரிகள் வந்து நிறுத்தினார்கள், எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். யார் சொன்னது என்பது ரகசியமாக இருக்க வேண்டும். இரண்டே நாளில் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

பதினேழு பிள்ளைகளில் ஒன்பது பேர் வரவில்லை. மாதக் கூட்டத்தில் ஏன் வருகை குறைந்தது என்று அம்மாவையே கேட்டார்கள். சென்டரைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வர மாந்தோப்பு வழியாக ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்த வழியில் மாப்பிள்ளையாக இருந்தவனும் அவனுடைய கூட்டாளிகளும் பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்பார்கள். என்ன பேசுவார்கள் என்று அம்மா இன்றுவரை என்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. "அசிங்கமாத்தான் பேசுவானுங்க, விடு கண்ணு" என்பதோடு முடித்துக்கொள்வார். மேலே இருந்தவர்களிடம் சொன்னதற்குக் கிடைத்த பதில், "ஊரோட அனுசரிச்சுப் போங்க டீச்சர், நாங்க என்ன பண்ண முடியும், அவங்க ஒண்ணும் நம்ம ஸ்டாஃப் இல்லையே." அப்பா தினமும் வேலைக்கு அரை நாள் லீவு போட்டு சைக்கிளில் போய்க் கூட்டிவந்தார். நான்கு மாதம் கழித்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்ப வந்தார்கள், முட்டை போடுகிற நாளில் முதலில். அந்தப் பெண் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள்.

'அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே.' இந்த வரிதான் என்னை நிறுத்தியது. யோசித்துப் பாருங்கள், பன்வாரியைத் தாக்கியவர்களும் அவருடைய மேலதிகாரியோ கூட வேலை செய்கிறவர்களோ கிடையாது. ஊர்க்காரர்கள். அவர் தாக்கப்பட்ட இடம் ஆபீஸ் கிடையாது, வயல். அவருடைய வேலையில் நாற்காலி, மேஜை, அட்டெண்டன்ஸ் மெஷின் எதுவுமே கிடையாது. அப்படிப்பட்ட ஒருவரின் வழக்கிலிருந்து பிறந்த சட்டத்தை நாம் எப்படிப் புரிந்துவைத்திருக்கிறோம்? மேனேஜர், ஏசி ரூம், ஈமெயில், ஹெச்.ஆர். எங்கள் குழுவுக்குப் பயிற்சி என்று காட்டிய வீடியோவிலும் டை கட்டிய ஒருவர், கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண். பானை, வயல், மாந்தோப்பு எல்லாம் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டன.

ஆனால் சட்டத்தின் வாசகத்தை எடுத்துப் பார்த்தால் அவை விழவில்லை, இதுதான் ஆச்சரியம். ஊழியர் என்றால் யார்? நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, ஊதியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தன்னார்வமாகச் செய்தாலும் ஊழியர்தான். பணியிடம் என்றால் எது? வேலை நிமித்தமாக அந்தப் பெண் போகும் எந்த இடமும். வீட்டுவேலை செய்பவர்களுக்கு வீடும் பணியிடம். (2010 மசோதாவில் அவர்களை விட்டிருந்தார்கள், அமைப்புகள் போராடித்தான் சேர்க்க வைத்தன.) 19-வது பிரிவு, பணியிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புக் கொடுப்பது வேலை கொடுத்தவரின் கடமை என்கிறது. தொந்தரவு செய்தவன் அங்கே ஊழியனாக இல்லாவிட்டாலும், அந்தப் பெண் விரும்பினால் அவன்மேல் கிரிமினல் நடவடிக்கை எடுக்க வைக்க வேண்டும் என்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றால், அல்லது முதலாளி மேலேயே புகார் என்றால், மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும். பன்வாரியின் பெயர் தீர்ப்பில் இல்லாமல் போனாலும், சட்டத்தின் இந்தப் பிரிவுகளில் யாரோ அவரை நினைவு வைத்து எழுதியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

எழுதியது நடக்கிறதா என்பது தனிக்கதை. 2020-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியாவைப் பற்றி ஒரு அறிக்கை போட்டது. அமைப்புசாரா வேலை செய்யும் பெண்களுக்கு இந்தச் சட்டம் போய்ச் சேரவே இல்லை, பல மாவட்டங்களில் உள்ளூர்க் குழு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்பது அதன் சாரம். 2023 மே மாதம் கோவா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் மறுபடியும், குழுக்கள் ஒழுங்காக இல்லை என்று வருத்தப்பட்டது. 1997-ல் வருத்தம், 2012-ல் வருத்தம், 2023-ல் வருத்தம்.

சட்டத்தை எல்லாம் நம்பிப் பிரயோஜனம் இல்லை, மனம் மாற வேண்டும் என்று என் தோழி ஒருத்தி எப்போதும் சொல்வாள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. மாந்தோப்பில் பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்பவனின் மனம் மாறும்வரை அம்மா எந்த வழியாக வீட்டுக்கு வருவது? அவன் நின்ற முதல் நாளே ஒரு அரசு அதிகாரி போலீஸுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும், இரண்டாவது நாள் அவன் நின்றிருக்க மாட்டான். அந்தக் கடிதம் எழுதுவது கருணை அல்ல, கடமை என்று சட்டத்தில் ஒரு வரி வாங்குவதற்கு இருபத்தோரு வருடம், எத்தனையோ பெண்களின் சாயங்காலங்கள் செலவாகியிருக்கின்றன. அந்த வரியை எடுத்துக் காட்டத் தெரிந்த ஆள் மாதக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை என்பதுதான் குறை.

தீபாவளி லீவில் ஊருக்குப் போனபோது 19-வது பிரிவைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அம்மா முறுக்கு பிழிந்துகொண்டே கேட்டார். பன்வாரி கதையையும் சொன்னேன். தலைப்பாகைத் துணி இடம் வந்ததும் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தம்மாவுக்கு எவ்வளவு குடுத்தாங்க மாசத்துக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "அப்பவும் அதே கதைதான்" என்றார்.

"இதுல எங்க உதவியாளரும் வருவாங்களா?"

"வருவாங்கம்மா. நீயும் வருவே, அவங்களும் வருவாங்க."

"அந்த மாவட்டக் கமிட்டிக்கு யாரு தலைவர்? நம்பர் இருந்தா குடு. பதிவேட்டு அட்டைக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சுக்கறேன். பக்கத்து ஊரு சென்டர்ல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கா, தனியாத்தான் வந்து போறா."

நம்பர் என்னிடம் இல்லை. திரும்பி வந்ததும் கலெக்டர் ஆபீஸ் போர்டு நம்பருக்குப் போட்டேன். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றினார்கள். மூன்றாவது ஆள், "எந்தக் கம்பெனிம்மா நீங்க?" என்று கேட்டார். அங்கன்வாடி என்றேன். அப்படியென்றால் இங்கே வராதே என்றார். வரும் என்று பிரிவு எண்ணைச் சொன்னேன். கொஞ்சம் இருங்க என்றார், லைன் கட்டாகிவிட்டது. வக்கீலம்மாவிடம் சொன்னதற்கு, போனில் கேட்காதே, திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேராகப் போய் மனுவாக எழுதிக் கொடு, ரசீது வாங்கிக்கொள் என்றார். மனு எழுதிவிட்டேன். வருகிற திங்கள் எனக்கு இன்டர்னல் டெஸ்ட் இருப்பதால் அம்மாவும் அந்தப் புதுப் பெண்ணும் போகிறார்கள், உதவியாளர் அன்று சென்டரைப் பார்த்துக்கொள்கிறார்.